டிக் அடிக்காத கட்டம்

ராடாருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது ஊரும் இல்லை, உறவும் இல்லை, அவரேதான். துப்பறியும் நிலையம் திறந்த அன்று, ‘தொலைந்ததைத் தேடித் தருவோம்’ என்று பலகை மாட்டிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று ஆபீஸ் சாவியைத் தேடினார். மனைவியின் தங்கை வந்து அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கே அவளை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் அந்த மச்சினி, சம்பளத்துக்குக் கொஞ்சமும் கிண்டலுக்கு மீதியுமாக வேலை பார்த்துவந்தாள்.

இப்போது இரண்டு பேரும் ஒரு கம்ப்யூட்டர் டீச்சரின் வீட்டில், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு எட்டு மாதம். நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி. அழுது முடித்த முகம்.

“வீட்டுக்காரரு லிப்ட் மெக்கானிக் சார். பக்கத்து நாட்டுல ஒரு கட்டடத்துக்கு லிப்ட் மாட்டணும்னு கம்பெனியில அனுப்பினாங்க. கார்லதான் போனாரு. வெளிநாட்டுல கால் வச்சதே இல்லைன்னு சொல்லுவாரு, இதுதான் முதல் தடவை. வேலை முடிச்சு மூணு நாள் முன்னாடியே கிளம்பிட்டாருன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. வீட்டுக்கு வரலை. ஃபோன் அணைஞ்சு கிடக்கு. போலீஸ்ல கேட்டா, ‘பெரிய ஆளுதானேம்மா, வந்துடுவாரு’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“விபத்து ஏதாவது?”

“எல்லா ஆஸ்பத்திரிக்கும் பேசிட்டேன். அப்படி யாரும் வரலையாம்.” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “விட்டுட்டுப் போயிட்டாரோன்னு பயமா இருக்கு சார். போறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சண்டை. பிரசவத்துக்குள்ள அவரு வரணும். எனக்குன்னு வேற யாருமே இல்லை. அம்மா, அப்பா ரெண்டு பேரும் இல்லை.”

ராடார் மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கு இளகிய மனசு. துப்பறிகிறவனுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் மாற்றிக்கொள்ள முடியவில்லை. போன வாரம் ஒரு திருடனைப் பிடித்து, அவன் கதையைக் கேட்டு அழுது, அவனுக்கு டீ வாங்கப் போன நேரத்தில் அவனைத் தொலைத்தவர்.

“வெளிநாட்டுல வழி தெரியணுமே. எதை வச்சு ஓட்டினாரு?” என்று கேட்டார்.

“கார்ல ஜிபிஎஸ் பெட்டி இருக்கு சார். அதுல நம்ம நாட்டு மேப் மட்டும்தான் வரும். வெளிநாட்டு மேப் கம்பெனியில வாங்கினா கொள்ளை விலை. இலவச மேப் இருக்குல்ல, ஊர் ஊரா ஆர்வமா இருக்கறவங்க சேர்ந்து வரையறது? அதை இறக்கி, மெமரி கார்டுல போட்டு ஏத்தியாச்சு.”

“அவருக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படியா?” என்று வாயாடி குறுக்கே கேட்டாள்.

“அவருக்கா? ஃபோன்ல அலாரம் வைக்கவே நான் வேணும்” என்று டீச்சர் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

ராடார் அந்தப் பதிலைக் கவனிக்கவில்லை. அவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடக்க ஆரம்பித்திருந்தார். நடந்தால் மூளை வேலை செய்யும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தக் கூடத்தில் நடக்க நாலடிதான் இடம் இருந்தது, அதனால் சுவரைத்தான் அதிகம் பார்த்தார்.

“அந்த மேப்பை நான் பார்க்கணும்.”

டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்தாள். இறக்கிய மேப்பின் பிரதி ஒன்று அதிலேயே இருந்தது. கூடவே, மேப்பைத் தந்த இணையதளம் அனுப்பிய படம் ஒன்றும் இருந்தது. பக்கத்து நாடு முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் வேண்டுமோ அதில் டிக் அடிக்கச் சொல்வார்களாம். டிக் அடித்தவற்றை மட்டும் ஒன்றாகக் கட்டி அனுப்புவார்களாம். டிக் அடித்த கட்டமெல்லாம் பச்சையாக இருந்தது. நாடே பச்சை. எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே ஒரே ஒரு கட்டம் மட்டும், பல் விழுந்த இடம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

“கை தவறி விட்டுப்போயிருக்கும்” என்றாள் டீச்சர் சட்டென்று.

“கார்டுல இடம் பத்தலையோ?” என்ற வாயாடி எட்டிப் பார்த்தாள். “ஃபைல் சின்னதுதான், கார்டுல பாதிகூட நிரம்பியிருக்காது மாமா. இன்னொரு நாட்டையே போடலாம்.”

ராடார் நடப்பதை நிறுத்தினார். அவருக்குள் எப்போதாவது அபூர்வமாகப் பற்றும் விளக்கு இப்போது பற்றியது.

“கை தவறலை டீச்சரம்மா. சுத்தி இருக்கற எட்டுக் கட்டத்துலயும் டிக் அடிச்ச கை, நடுவுல உள்ளதை மட்டும் எப்படித் தவறும்? ஒரு கேள்வி கேட்கறேன். நீங்க பால் வாங்கப் போறப்ப மேப் பார்த்துட்டா போறீங்க?”

“இல்லை.”

“பார்க்க மாட்டீங்க. தெரிஞ்ச தெருவுக்கு எவன் மேப் பார்ப்பான்? நாடு முழுக்க மேப் வேணும், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் வேண்டாம். ஏன்னா அது கண்ணை மூடிக்கிட்டுப் போற இடம். வெளிநாட்டுல கால் வச்சதே இல்லைன்னு சொன்ன மனுஷனுக்கு, அங்க பழகின வாசல் ஒண்ணு இருக்கு!”

வாயாடி கை தட்டவில்லைதான். ஆனால் கிண்டலும் பண்ணவில்லை. அதுவே பெரிய மரியாதை.

டீச்சரின் முகம்தான் வெளிறிப்போயிற்று. முக்காலியிலிருந்து காலை இறக்கிவிட்டாள். “அங்க இருக்க மாட்டாரு சார். அங்க போக வேண்டாம். வேற எங்கயாவது தேடுங்க. அந்த இடம் வேண்டாம், சொல்லிட்டேன்.”

பாவம், சக்களத்தி என்ற சொல்லைக் கேட்க எந்தப் பெண்ணுக்குத்தான் தெம்பு இருக்கும் என்று ராடார் நினைத்தார். அவளுடைய தோளில் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

“மாமா, அந்தம்மா பயந்த மாதிரி இருந்துச்சு. பொறாமைப்பட்ட மாதிரி இல்லை” என்றாள் வாயாடி படி இறங்கும்போது.

“உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசு.”

“ஆகி, உங்களை மாதிரி ஒருத்தர் வாய்ச்சா, தொலைஞ்சா தேட மாட்டேன்.”

டீச்சரிடமிருந்து வாங்கிவந்த மேப்பின் பிரதியைத் தன் காரின் பெட்டியில் ராடார் தன் கையாலேயே ஏற்றினார். ஏற்றிய ஃபைலுக்கு ‘புது மேப், முக்கியம்’ என்று அழகாகப் பெயர் வைத்தார். பெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்கு அது கேட்கும் பெயரைத்தான் வைக்க வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் கண்டுகொள்ளாது என்று வாயாடி சொல்லி, மாற்றி வைத்தாள். பிறகு பழைய மேப்பை அணைக்காமல் விட்டதால், பெட்டிக்குள்ளிருந்து வழி சொல்லும் அம்மா ஒரே திருப்பத்தில் இடது என்றும் வலது என்றும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அதையும் வாயாடிதான் சரிசெய்தாள்.

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு சோதிச்சேன்” என்றார் ராடார்.

“பாஸா மாமா?”

“ஏறு வண்டியில.”

எல்லைச் சாவடியில் இருந்த அதிகாரி, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார். ராடார் கூலிங் கிளாஸைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, “அதைச் சொல்றதுக்கில்லை” என்றார். அந்த ஒரு பதிலுக்காகக் காரின் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து, ஸ்டெப்னி டயர் வரை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். டயரைத் திரும்ப உள்ளே வைத்தது வாயாடி.

அதற்கப்புறம் பயணம் பட்டுப்போல் போயிற்று. இலவச மேப் என்றாலும் ஒரு சந்து பாக்கி இல்லை. யாரோ முகம் தெரியாத மகராசன்கள் உட்கார்ந்து குடிதண்ணீர்க் குழாயைக்கூட வரைந்து வைத்திருந்தார்கள். ராடார் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துப்பு நேர்க்கோட்டில் போகிறது என்ற பெருமிதத்தில், பெட்டி அம்மாவுக்குப் பதில்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார். “நேராகச் செல்லவும்.” “சரிம்மா.” “வலதுபுறம் திரும்பவும்.” “ஆகட்டும்மா.”

ஒரு பாலத்தைத் தாண்டியதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

திரையில் சாலை இல்லை. ஆறு இல்லை. ஊர் இல்லை. வெள்ளையாக ஒரு வெறுமை, அதன் நடுவில் அவர்களுடைய கார் மட்டும் அம்புக்குறியாக நின்றுகொண்டிருந்தது.

“பெட்டி கெட்டுப்போச்சா?” என்று ராடார் அதன் தலையில் தட்டினார்.

வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் பேச வெகுநேரம் ஆயிற்று. “மாமா, நாம எந்த இடத்தைத் தேடி வந்தோம்?”

“அந்த வெள்ளைக் கட்டத்தை.”

“யாரோட மேப்பை எடுத்துட்டு வந்தோம்?”

ராடார் வண்டியை ஓரம் கட்டினார். கூலிங் கிளாஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உலகத்தில் இருக்கிற எல்லாச் சந்துக்கும் மேப் கொண்டுவந்து, போக வேண்டிய ஊருக்கு மட்டும் கொண்டுவராத ஒரே துப்பறிவாளர் தாம்தான் என்பதை அவர் மெல்ல மெல்ல உணர்ந்தார். அந்தக் கட்டத்துக்கும் ஒரு டிக் அடித்து இறக்கியிருந்தால் காசா பணமா? இலவசம்தானே!

“பரவாயில்லை மாமா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நான் கேட்கறேன்” என்று வாயாடி கண்ணாடியை இறக்கினாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் வாயாடி விசாரித்தாள். லிப்ட் கம்பெனி சட்டை போட்ட ஆள், சாம்பல் நிறக் கார், வெளிநாட்டு நம்பர் பிளேட்.

“ஓ, மாப்பிள்ளையா?” என்றார் பங்க்காரர் ஒரே சிரிப்பாக. “மூணு நாளா இங்கதான் இருக்காரு. திருப்பத்துல பஞ்சர் கடை இருக்குல்ல, அந்தம்மா வீட்டு மாப்பிள்ளை. தங்கமான மனுஷன். ஊரே அவரைப் பத்தித்தான் பேசுது.”

ராடார் கூலிங் கிளாஸை மறுபடி மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை! நினைத்ததைவிட நிலைமை முற்றிப்போயிருக்கிறது. பழக்கம், பேச்சு என்றெல்லாம் இருக்கும் என்று வந்தால், ஊர் அறியக் கல்யாணமே ஆகியிருக்கிறது. அங்கே ஒருத்தி முக்காலியில் கால் வீங்கி உட்கார்ந்திருக்க, இங்கே இவன் மாப்பிள்ளையாம், தங்கமாம். ராடார் கோபத்தில் ஃபோனை எடுத்தார். அந்தக் கோபத்தோடேயே டீச்சருக்கு ஒரு மெசேஜ் தட்டினார்.

‘மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும். அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார். திருப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அம்மாவின் வீட்டில் மாப்பிள்ளையாக இருக்கிறார். ராடார்.’

“மாமா, யாருக்கு மெசேஜ்?”

“அனுப்பியாச்சு. வாடிக்கையாளருக்கு உண்மையை மறைக்கக் கூடாது.”

வாயாடி ஃபோனைப் பிடுங்கிப் படித்தாள். அவளுடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “எட்டு மாசப் பொம்பளைக்கு இப்படியா அனுப்புவீங்க? ஏதாவது ஆச்சுன்னா? ஆளைக்கூட நாம இன்னும் பார்க்கலையே மாமா!”

ராடார் ஃபோனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார். வண்டியைக் கிளப்பினார்.

பஞ்சர் கடை வாசலில் லாரி டயர்கள் அடுக்கியிருந்தன. காற்றடிக்கும் மெஷின் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தது. அதன் மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்பானரை விட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார் லிப்ட் கம்பெனி சட்டை போட்ட ஒருவர். டீச்சர் காட்டிய போட்டோவில் இருந்த அதே ஆள். பக்கத்தில், முழங்கை வரை கிரீஸ் பூசிய ஒரு அம்மா, ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வயது அறுபதுக்குப் பக்கம் இருக்கும்.

ராடார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். “யோவ்! உனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சுன்னு இந்தம்மாவுக்குத் தெரியுமா?”

மெக்கானிக் விழித்தார். “தெரியுமே. இவங்க பொண்ணைத்தான் கட்டியிருக்கேன்.”

“எப்ப?”

“ஆச்சு சார், ரெண்டு வருஷம். கம்ப்யூட்டர் டீச்சரா இருக்கா. நீங்க யாரு?”

வாயாடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “மாமா, எங்க அப்பா உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?”

“மாப்பிள்ளைன்னு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷமாக மாமனார் வாயால் அந்த வார்த்தையைத் தினமும் கேட்டும், அவருக்கு அது தோன்றவில்லை. மருமகனையும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள் என்பதைப் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்.

“அப்ப அந்தக் கட்டம்?” என்றார் ஈனக் குரலில்.

“‘ஏத்தியாச்சு’ன்னுதான் டீச்சர் சொன்னாங்க. யாரு ஏத்தினதுன்னு நீங்களும் கேட்கலை, நானும் கேட்கலை. அலாரமே வைக்கத் தெரியாதவரு மேப் எப்படி ஏத்துவாரு? ஏத்தினது டீச்சர். பழகின வாசல் அவரோடது இல்லை மாமா, அவங்களோடது.”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். இவர்கள் யார் என்று வாயாடி சொல்லிப் புரியவைத்ததும், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“தேடறாளா? பாவி நான். லிப்ட் குழியில ஃபோன் விழுந்து நொறுங்கிடுச்சு சார். அவ நம்பர் மனசுல இல்லை. ‘வீடு’ன்னு போட்டு வச்சிருந்தேன், அமுக்கினா போகும். நம்பரை யாரு பார்த்தா? கம்பெனிக்குப் பேசி வாங்கலாம்னு பார்த்தா அந்த நம்பரும் அதே ஃபோன்லதான்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “உன் ஊரு எதுன்னு அவகிட்டக் கேட்டா, எல்லைப் பக்கமா கையைக் காட்டி ‘அந்தப் பக்கம்’னுவா. அம்மா இல்லைன்னுவா. கிளம்பற அன்னிக்கு அதைக் கிளறப் போய்த்தான் சண்டையே. போறப்ப வேற ரோடு. திரும்பி வர்ற வழியில திடீர்னு திரை வெள்ளையாப் போச்சு. சந்து பொந்தெல்லாம் டிக் அடிச்சவ, இதை மட்டும் ஏன் விட்டா? அவ மறைக்கிற ஊரு இதுதான்னு எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு. வண்டியை நிறுத்தி, பர்ஸ்ல இருந்த எங்க கல்யாண போட்டோவைக் காட்டினேன். ரெண்டாவது ஆளே இந்தக் கடையைக் காட்டிட்டாரு.”

ராடார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியைத் தெரிந்த ஒரு மெக்கானிக்குக்கு வெள்ளைத் திரையைப் பார்த்ததுமே புரிந்தது, பலகை மாட்டிய தமக்குப் பஞ்சர் கடை வாசல் வரை வந்தும் புரியவில்லை.

“அப்புறம் ஏன் மூணு நாளா இங்கயே உட்கார்ந்துட்டீங்க?” என்றாள் வாயாடி.

“அத்தையைக் கூட்டிட்டுப் போகாம எப்படிம்மா போறது? வர மாட்டேங்கறாங்க. கேட்டா, ‘செத்தவ எப்படி கார்ல ஏறுவா’ங்கறாங்க.”

தொட்டியில் இருந்த டயரை அந்த அம்மா வெளியே இழுத்துப் போட்டாள். இவ்வளவு நேரமும் அவள் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் சொன்னேன். படிக்கப் போறேன்னு அவ பெட்டியைத் தூக்கினப்ப, இந்த வாசலைத் தாண்டினா நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கோன்னு சொன்னேன். ஆத்திரத்துல எந்தத் தாய் சொல்லலை? அதுக்காக அப்படியே எடுத்துப்பாளா? ஒரு தரம் திரும்பி வந்து பார்க்க மாட்டாளா? நான் இந்தத் திருப்பத்தை விட்டு ஒரு நாள் நகர்ந்ததில்லை.”

ராடாரின் ஃபோன் அடித்தது. திரையில் டீச்சர். எடுக்கிற பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

“டீச்சரம்மா, அந்த மெசேஜ்ல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, நீங்க பதறாம...”

“தப்பில்லை சார். சரியாத்தான் எழுதியிருக்கீங்க.” குரல் உடைந்திருந்தது. “சார், கடையை இன்னும் அவங்கதான் பார்த்துக்கறாங்களா? நல்லா இருக்காங்களா?”

இதுவரை ராடார் எழுதிய அறிக்கைகளிலேயே ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாதது அதுதான். எழுதியவருக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை. அவர் ஃபோனை அந்த அம்மா பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கையில் கிரீஸ் என்பதுபோல் விரித்துக் காட்டினாள்.

“மாப்பிள்ளை, கால் வீங்குதான்னு கேளுங்க” என்றாள் மெக்கானிக்கிடம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஃபோனிலிருந்து பதில் வந்தது. “வீங்குது.”

“ராத்திரி தூங்கறாளான்னு கேளுங்க.”

“தூக்கம் இல்லை.”

“டாக்டர் என்ன சொன்னாருன்னு...” அதற்குமேல் அவளுக்கு மாப்பிள்ளை வழியாகப் பேசப் பொறுமை இல்லை. “ஏண்டி, எட்டு மாசத்துல ஒத்தையிலயா உட்கார்ந்திருக்க? பக்கத்துல ஒரு ஆள் வேண்டாமா?”

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ராடாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாயாடி அதைப் பார்த்தும் கிண்டல் பண்ணவில்லை, அவளாலும் முடியவில்லை.

“அம்மா,” என்றது ஃபோன், “நீ இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா. இவருகிட்ட, ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில. இனிமே எந்த முகத்தோட நான்...”

“சொன்னா சொல்லிட்டுப் போ. அவங்க பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

மெக்கானிக் சாவியை எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து ஓடினார். அந்த அம்மா காற்று மெஷினை அணைத்தாள். கொக்கியைப் போட்டு ஷட்டரைக் கீழே இழுத்தாள், அது பாதியில் மாட்டிக்கொண்டது, காலால் ஒரு உதை விட்டு இறக்கினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைத் தானே வாங்கிக்கொண்டாள்.

“அழாம இரு. உயிரோடதான் வர்றேன்.”